வாய் திறக்க வேண்டியது யார்? தொழிற்சங்கங்கள் மீதான வழக்குகளும் மௌனத்தின் வரலாறும்

1969 மே 15. அவுஸ்திரேலியாவின் மெல்பேர்ண் நகரில் கிளாரி ஓஷே என்பவர் நீதிமன்றத்துக்குள் போகிறார். ட்ராம் வண்டித் தொழிலாளர் சங்கத்தின் விக்டோரியா மாநிலச் செயலாளர் அவர். வேலைநிறுத்தம் செய்ததற்காக அவருடைய சங்கத்துக்கு மேல் விதிக்கப்பட்ட தண்டப்பணம் ஏறக்குறைய 8,100 டொலர் வரை சேர்ந்திருந்தது. சங்கம் கட்டவில்லை. காசு எங்கே இருக்கு என்று அறிய, கணக்குப் புத்தகங்களைக் கொண்டுவந்து பதில் சொல்லும்படி நீதிமன்றம் அவரை அழைத்திருந்தது. ஓஷே புத்தகங்களைக் கொடுக்க மறுத்தார். நீதிபதி ஜோன் கேர், நீதிமன்ற அவமதிப்புக்காக அவரைச் சிறைக்கு அனுப்பினார். 1975இல் கவ் விட்லமின் அரசாங்கத்தைக் கலைத்த ஆளுநர் நாயகமும் இதே கேர்தான்.

அடுத்த சில நாட்களில் நாடு முழுவதும் வேலைநிறுத்தம் பரவியது. கலந்துகொண்டவர்கள் 10 இலட்சம் பேர் வரை என்று கணக்குச் சொல்கிறார்கள். ஆறாம் நாள், லொத்தரில் வென்றதாகச் சொன்ன ஒருவர் சங்கத்தின் தண்டப்பணத்தைக் கட்ட, ஓஷே வெளியே வந்தார். வேலைநிறுத்தத்துக்குத் தண்டம் விதிக்கும் அந்தச் சட்டப் பிரிவுகள் ஏட்டில் இருந்தன. ஆனால் அதற்குப் பிறகு அவற்றைத் தொட யாருக்கும் துணிவு வரவில்லை.

தொழிலாளர் வரலாறு வாசிக்கிற எல்லோருக்கும் இந்தக் கதை தெரிந்திருக்கும். அதைப் பெரும்பாலும் வேலைநிறுத்தத்தின் வெற்றிக் கதையாகத்தான் சொல்வார்கள். நாங்கள் இங்கே பார்க்க விரும்புவது அதற்குள் இருக்கிற இன்னொரு விசயத்தை. ஓஷே சிறைக்குப் போனது ட்ராமை நிறுத்தியதற்காக அல்ல, எதிர்த்தரப்புக்குத் தேவையான தகவலைக் கொடுக்க மறுத்ததற்காக. ஒரு சங்கத்தின் மீது வழக்குப் போடும்போது அந்தச் சங்கமும் அதன் ஆட்களும் தங்களுக்கு எதிரான சாட்சியத்தைத் தாங்களே எடுத்துக் கொடுக்க வேண்டுமா? இந்தக் கேள்வி 1969உடன் முடியவில்லை. இன்று அது 'மறுமொழியை எப்போது தாக்கல் செய்வது, எப்போது திருத்துவது' என்ற, கேட்டாலே நித்திரை வருகிற நடைமுறைக் கேள்விக்குள் ஒளிந்திருக்கு.

முதலில் கொஞ்சம் பின்னால் போவோம்.

சங்கம் ஓர் 'ஆள்' ஆன கதை

1900இல் தென் வேல்ஸில் டாஃப் வேல் என்ற ரயில் கம்பனியில் வேலைநிறுத்தம் நடந்தது. கம்பனி தொழிலாளர்களை விட்டுவிட்டுச் சங்கத்தின் மீதே வழக்குப் போட்டது. 1901இல் பிரித்தானியப் பிரபுக்கள் சபை, சங்கத்தை அதன் பெயரிலேயே வழக்குக்கு இழுக்கலாம், அதன் நிதியிலிருந்து நட்டஈடு எடுக்கலாம் என்று தீர்ப்பளித்தது. சங்கம் 23,000 பவுண் நட்டஈடு கட்டியது. வழக்குச் செலவு வேறு. அந்தத் தீர்ப்பு எழுப்பிய கோபம் தொழிற் கட்சியின் வளர்ச்சிக்கு ஒரு பெரிய காரணம். 1906இல் பாராளுமன்றம் தொழிற் பிணக்குகள் சட்டத்தைக் கொண்டுவந்து, இப்படியான நட்டஈட்டு வழக்குகளிலிருந்து சங்கங்களுக்குப் பாதுகாப்புக் கொடுத்தது.

அவுஸ்திரேலியா வேறு வழியால் போனது. 1904இல் வந்த சமரச, நடுத்தீர்ப்புச் சட்டம் சங்கங்களைப் பதிவு செய்யச் சொன்னது. பதிவு செய்த சங்கம் சட்டத்தின் கண்ணில் ஓர் 'ஆள்'. அது நடுத்தீர்ப்பு மன்றத்துக்குப் போகலாம், சம்பளத் தீர்ப்பு வாங்கலாம், சொத்து வைத்திருக்கலாம். அதற்குப் பதிலாக அரசின் ஒழுங்குக்குள் இருக்க வேண்டும். பிரித்தானியாவின் 1906 பாதுகாப்பு அங்கே முழுமையாக வேரூன்றவில்லை. நடுத்தீர்ப்பு முறை இருக்கும்வரை முதலாளிகள் சாதாரண நீதிமன்றங்களுக்குப் போவது குறைவு என்பதால் அது பெரிய குறையாகவும் தெரியவில்லை.

1969க்குப் பிறகு அந்தக் குறை தெரியத் தொடங்கியது. தண்டப் பிரிவுகள் செத்துப்போன இடத்துக்குச் சிவில் வழக்கு வந்தது. 1977இல் வர்த்தக நடைமுறைகள் சட்டத்தில் இரண்டாம் நிலைப் பகிஷ்கரிப்புக்குத் தடை சேர்க்கப்பட்டது: பிணக்கில் நேரடியாக இல்லாத மூன்றாவது கம்பனியை இலக்கு வைத்து அதன் வியாபாரத்தை மறிப்பது சட்டவிரோதம். 1985இல் மெல்பேர்ணில் டொலர் ஸ்வீட்ஸ் என்ற சின்ன இனிப்புக் கம்பனி, மாதக்கணக்காக வாசலில் நின்ற மறியலுக்கு எதிராக விக்டோரியா உச்ச நீதிமன்றத்தில் தடையுத்தரவு வாங்கியது. கம்பனிக்காக நின்ற சட்டத்தரணிகளில் ஒருவர், பிறகு நாட்டின் நிதியமைச்சரான பீற்றர் கொஸ்ரெல்லோ. அதே ஆண்டு வட பிரதேசத்தின் மட்ஜின்பெரி இறைச்சிக்கூடத்தில் நடந்த மறியல், இறைச்சித் தொழிலாளர் சங்கத்துக்கு 15 இலட்சம் டொலருக்கு மேற்பட்ட நட்டஈட்டில் முடிந்தது. 1989இல் விமானிகளின் சங்கத்துக்கு எதிராக விமானக் கம்பனிகள் பல மில்லியன் டொலர் நட்டஈட்டுத் தீர்ப்பு வாங்கின.

ஓஷேயைச் சிறையில் போட்டதும் நாடு ஸ்தம்பித்தது. ஆனால் ஒரு நட்டஈட்டு வழக்குக்காக யார் வீதிக்கு இறங்குவார்கள்? சிறைக் கதவுக்கு முன்னால் கூட்டம் கூடும், வங்கிக் கணக்குக்கு முன்னால் கூடாது.

தண்டப்பணச் சிறப்புரிமை என்றால் என்ன?

இந்த இடத்தில் ஒரு பழைய சட்டக் கொள்கையை விளங்கிக்கொள்ள வேண்டும். குற்ற வழக்கில் சந்தேகநபர் மௌனமாக இருக்கலாம் என்பது எல்லோருக்கும் தெரியும். சிவில் வழக்கில் அப்படி இல்லை. வழக்காளி சொல்கிற ஒவ்வொரு விசயத்துக்கும் எதிராளி பதில் சொல்ல வேண்டும்: ஏற்கிறேன், மறுக்கிறேன், எனக்குத் தெரியாது என்பதால் ஏற்கவில்லை. பதில் சொல்லாமல் விட்டால் ஏற்றுக்கொண்டதாக எடுக்கலாம். கையில் இருக்கிற ஆவணங்களையும் காட்ட வேண்டும்.

சரி, சிவில் வழக்காகத் தொடங்கி, கடைசியில் அரசுக்குத் தண்டப்பணம் கட்டுவதில் முடிகிற வழக்கு என்றால்? அது பாதி சிவில், பாதி குற்றம். இங்கிலாந்தின் பழைய சமநீதி நீதிமன்றங்கள் இதற்கு ஒரு விடை வைத்திருந்தன. ஒருவரைத் தண்டப்பணத்துக்கு ஆளாக்குவதற்காக அவர் வாயிலிருந்தே தகவல் எடுக்க நாங்கள் உதவமாட்டோம் என்று அவை சொல்லின. இதுதான் தண்டப்பணச் சிறப்புரிமை. அவுஸ்திரேலியா இதை உயிரோடு வைத்திருக்கிறது. அங்கே போட்டிச் சட்டம், கம்பனிச் சட்டம், தொழிற்சட்டம் எல்லாமே சிவில் தண்டப்பணத்தால் இயங்குவதுதான் காரணம். 2009இன் நியாயமான வேலைச் சட்டத்தின் கீழ் ஒரு சங்க அமைப்பாளரைத் தண்டிக்க, குற்றவியல் வழக்கில் வேண்டிய 'நியாயமான சந்தேகத்துக்கு அப்பாற்பட்ட' நிரூபணம் தேவையில்லை. நடந்திருக்கவே வாய்ப்பு அதிகம் என்று நீதிபதி திருப்திப்பட்டால் போதும். நிரூபிப்பது இலேசாகும்போது, மௌனம் இன்னும் பெறுமதியாகிறது.

ஆனால் இந்த உரிமை யாருக்கு? 1993இல் கல்டெக்ஸ் எண்ணெய்க் கம்பனி, சுற்றாடல் அதிகாரசபைக்கு ஆவணங்கள் கொடுக்க மறுத்து உயர் நீதிமன்றம் வரை போனது. தன்னைத்தானே குற்றவாளியாக்காமல் இருக்கும் உரிமை மனிதர்களுக்கு உரியது, கம்பனிக்கு அது இல்லை என்று 4க்கு 3 என்ற பெரும்பான்மையில் தீர்ப்பு வந்தது. அடுத்த ஆண்டு ஐஸ் விற்கும் கம்பனிகள் பற்றிய ஒரு வழக்கில், கம்பனிகளுக்குத் தண்டப்பணச் சிறப்புரிமையும் கிடையாது என்று மத்திய நீதிமன்றத்தின் முழு அமர்வு சொன்னது.

இரண்டும் நல்ல தீர்ப்புகளாகத்தான் தெரியும். ஆற்றில் கழிவைக் கொட்டுகிற கம்பனிக்கு என்ன மௌனம்? ஆனால் பதிவு செய்த தொழிற்சங்கமும் சட்டத்தின் கண்ணில் ஒரு கூட்டு ஆள்தான். 1904இல் சங்கங்களை உள்ளே கொண்டுவந்த அதே கதவால், 90களில் அவற்றின் மௌனம் வெளியே போனது. எண்ணெய்க் கம்பனிக்கும் ஐஸ் கம்பனிக்கும் எழுதிய விதி, ஆயிரக்கணக்கான கூலித் தொழிலாளர்களின் சந்தாவில் நடக்கிற அமைப்புக்கும் அப்படியே பொருந்தியது.

கட்டட வளாகங்களில்

இந்த விதிகள் கடுமையாக மோதிய இடம் கட்டடத் தொழில். 2005இல் மத்திய அரசு அந்தத் தொழிலுக்கென்றே ஓர் ஆணைக்குழுவை உருவாக்கியது. ஆட்களை அழைத்து விசாரிக்க அதற்கு அதிகாரம் இருந்தது. வர மறுத்தால் ஆறு மாதம் வரை சிறை. அடிலெய்டில் ஃபிளிண்டர்ஸ் பல்கலைக்கழகக் கட்டட வளாகத்தில் 2008இல் தொழிலாளர்கள் பாதுகாப்பைப் பற்றிக் கூட்டம் போட்டார்கள். அது பற்றி விசாரிக்க ஆர்க் ட்ரைப் என்ற தொழிலாளியை ஆணைக்குழு கூப்பிட்டது. அவர் போகவில்லை. வழக்கு 2010 நவம்பரில் முடிந்தது. அழைப்பாணை சட்டப்படி முறையாகக் கொடுக்கப்படவில்லை என்று நீதவான் அவரை விடுவித்தார். ட்ரைப் சங்கத் தலைவரல்ல, சாதாரண வேலையாள். நாற்பது ஆண்டுக்குப் பிறகு ஓஷேயின் கேள்வி அவரிடம் வந்து நின்றது.

2012இல் மெல்பேர்ணில் கிரொகொன் என்ற கட்டடக் கம்பனிக்கும் கட்டடத் தொழிலாளர் சங்கத்துக்கும் பெரிய மோதல். சங்கம் மறியல் செய்தது. தடையுத்தரவை மீறியதற்காக 2014இல் சங்கத்துக்கு 12.5 இலட்சம் டொலர் தண்டம் விழுந்தது. இதற்கிடையில் கிரொகொனுக்குக் கொங்கிரீட் கொடுத்த போரல் கம்பனியையும் சங்கம் தடுக்கத் தொடங்கியது. போரலும் தடையுத்தரவு வாங்கியது. 2013 மேயில் ஒரு ரயில் பாதைக் கட்டுமான இடத்தில் தன் வாகனங்கள் மறிக்கப்பட்டன என்று சொல்லி, நீதிமன்ற அவமதிப்புக்காகச் சங்கத்தின் மீது போனது.

போரலுக்கு ஒரு சிக்கல் இருந்தது. அந்த இடத்தில் நின்றவர் சங்கத்தின் சார்பில்தான் நின்றார் என்று நிரூபிக்க வேண்டும். அதற்கான ஆவணங்கள் சங்கத்திடமே இருந்தன. அவற்றை எங்களுக்குக் காட்டச் சொல்லுங்கள் என்று கேட்டது. அவமதிப்பு வழக்கு குற்ற வழக்கு மாதிரி, குற்றம் சாட்டியவர்தான் நிரூபிக்க வேண்டும், எங்களிடமே ஆதாரம் கேட்கக் கூடாது என்றது சங்கம். 2015இல் உயர் நீதிமன்றம் சங்கத்தின் வாதத்தை ஏற்கவில்லை. இந்த வழக்கு சிவில் நடைமுறையில் நடக்கிறது, ஆவண வெளிப்படுத்தலும் அதில் அடக்கம், கூட்டு ஆளுக்கு மௌனச் சிறப்புரிமையும் இல்லை என்பதுதான் தீர்ப்பின் சாரம்.

46 ஆண்டுகள் கழித்து, கணக்குப் புத்தகம் கேட்ட கை திரும்பவும் நீண்டது. இந்த முறை யாரும் சிறைக்குப் போகவில்லை. நாடும் நிற்கவில்லை.

திருத்திய மறுமொழி

சங்கத்துக்கு மௌனம் இல்லை. ஆனால் சங்கத்தின் அமைப்பாளர் மனிதர், அவருக்கு இருக்கு. இங்கேதான் ஆரம்பத்தில் சொன்ன அந்த நித்திரை வருகிற நடைமுறைக் கேள்வி முக்கியமாகிறது.

ஓர் உதாரணம் எடுப்போம். ஓர் அமைப்பாளர் கட்டட வளாகத்துக்குள் போய் வேலையை நிறுத்தினார் என்று அவர் மீதும் சங்கத்தின் மீதும் சேர்த்துத் தண்டப்பண வழக்கு. அவர் தரப்பு நியாயம்: "அங்கே சாரம் ஆடிக்கொண்டிருந்தது, ஆள் விழப் பார்த்தது, அதனால்தான் நிறுத்தச் சொன்னேன்." சாதாரண சிவில் வழக்கு என்றால் இதை முதல் மறுமொழியிலேயே எழுத வேண்டும். ஆனால் எழுதின உடனேயே, அன்று அந்த இடத்தில் நின்றது நான்தான், நிறுத்தச் சொன்னதும் நான்தான் என்று அவர் ஒப்புக்கொண்டதாகிவிடும். வழக்காளிக்கு நிரூபிக்க மிச்சம் ஒன்றும் இருக்காது.

எழுதாமல் விட்டால்? பிறகு அந்த நியாயத்தைச் சொல்ல முடியாமல் போகலாம். இரண்டு பக்கமும் பொறி.

அவுஸ்திரேலிய நீதிமன்றங்கள் இதற்கு ஒரு நடைமுறை வழி கண்டன. தனிமனிதர் முதலில் ஒரு குறுகிய மறுமொழியைத் தாக்கல் செய்யலாம்: எதையும் ஏற்கவில்லை, சிறப்புரிமையைக் கோருகிறேன். வழக்காளி தன் சாட்சிகளை எல்லாம் கூப்பிட்டு முடித்த பிறகு அவர் முடிவெடுக்கலாம். தன் நியாயத்தைச் சொல்ல வேண்டும் என்றால் அப்போது மறுமொழியைத் திருத்தி, முழுக் கதையையும் வைக்கலாம். வேறு வழக்குகளில், கடைசி நேரத்தில் மறுமொழியைத் திருத்தக் கேட்டால் நீதிபதி முகம் சுளிப்பார். இங்கே அந்தத் தாமதம்தான் உரிமையின் வடிவம்.

கூடவே நிற்கிற சங்கம் என்ன செய்வது? அதற்குச் சிறப்புரிமை இல்லை, ஆகவே பதில் சொல்ல வேண்டும். ஆனால் அன்று நடந்தது சங்கத்துக்கு எப்படித் தெரியும்? அந்த அமைப்பாளர் சொன்னால்தான் தெரியும். சங்கம் முழுசாகப் பேசினால் அவருடைய மௌனத்துக்கு அர்த்தமில்லை. அவருடைய மௌனத்தை மதித்தால் சங்கத்தின் வாய் பாதி மூடியிருக்கும். சட்டம் இரண்டு 'ஆட்களாக' பார்ப்பது நடைமுறையில் ஒரே வாய்.

2018இல் இது இன்னும் கூர்மையானது. அமைப்பாளருக்கு விதிக்கும் தண்டப்பணத்தைச் சங்க நிதியிலிருந்து எடுக்காமல் அவரே தன் கையால் கட்ட வேண்டும் என்று நீதிமன்றம் உத்தரவிடலாம் என உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதற்குப் பிறகு மறுமொழியில் எழுதுகிற ஒரு வரி, அவருடைய வீட்டுக் காசைப் பற்றியதும்தான்.

எதிர்வாதங்கள்

இதற்கு எதிராகவும் நியாயமான வாதங்கள் இருக்கு, அவற்றைத் தாண்டிப் போக முடியாது.

ஒன்று, ஒரு தரப்பு கடைசிவரை தன் கதையை மறைத்து வைத்தால் மற்றத் தரப்பு இருட்டில் வழக்கு நடத்த வேண்டும். வழக்கு நீளும், செலவு கூடும்.

இரண்டு, இதே கேடயத்தைப் பெரிய மனிதர்களும் பிடிப்பார்கள். ஆஸ்பெஸ்டஸ் விற்ற ஜேம்ஸ் ஹார்டி கம்பனியின் முன்னாள் தலைமை நிர்வாகி, தன் மீதான சிவில் தண்டப்பண வழக்கில் இதே சிறப்புரிமைப் பிரச்சினையை 2007இல் நியூ சவுத் வேல்ஸ் மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனார். ஆஸ்பெஸ்டஸால் நோயுற்றவர்களுக்காக அந்தக் கம்பனியோடு மோதி இழப்பீடு வாங்கிக் கொடுத்ததில் தொழிற்சங்கங்களுக்குப் பெரிய பங்கு இருக்கு. ஒரே விதி இரண்டு பேருக்கும்.

மூன்று, அந்தக் கட்டடத் தொழிலாளர் சங்கம் ஒன்றும் புனிதமானதல்ல. குற்றக் கும்பல்கள் உள்ளே புகுந்துவிட்டன என்ற குற்றச்சாட்டுகளுக்குப் பிறகு, 2024 ஓகஸ்டில் அரசு சட்டம் இயற்றி அதன் கட்டடப் பிரிவை நிர்வாகி ஒருவரின் கீழ் வைத்தது. மிரட்டல் பற்றிய கதைகள் எல்லாமே முதலாளிகளின் கட்டுக்கதை என்று சொன்னால் அது பொய்.

இவ்வளவும் தெரிந்த பிறகும், தனிமனிதரின் அந்தத் தாமத உரிமை இருக்க வேண்டும் என்பதுதான் எங்கட நிலைப்பாடு. அரசுக்கு விசாரணை அதிகாரமும் காசும் சட்டத்தரணிகளும் இருக்கு. குற்ற வழக்கில் இருக்கிற பாதுகாப்பு ஒவ்வொன்றையும் கழற்றிவிட்டு, 'சிவில்' என்ற பெயரை மட்டும் ஒட்டித் தண்டிக்க அது விரும்பினால், குறைந்தது தன் குற்றச்சாட்டைத் தானே நிரூபிக்கட்டும். ஜேம்ஸ் ஹார்டிக்காரருக்கும் அந்த உரிமை கிடைக்கும் என்றால் கிடைக்கட்டும். அவரிடமிருந்து அதைப் பறித்தால் அடுத்த நாள் அது பறிபோவது சாரம் ஆடுது என்று கத்தின ஆளிடமிருந்துதான்.

சங்கத்தைக் கம்பனியோடு ஒரே தராசில் வைப்பதைப் பற்றி எங்களுக்குள் இன்னும் வாதம் இருக்கு. உறுப்பினர்களின் காசில் நடக்கிற அமைப்பு உறுப்பினர்களுக்குக் கணக்குக் காட்டத்தான் வேண்டும். அதே கணக்கை எதிராளிக்கும் காட்ட வேண்டுமா என்பது வேறு கேள்வி. இந்த இரண்டையும் கல்டெக்ஸ் விதி பிரித்துப் பார்க்கவில்லை.

இது எங்களுக்கு ஏன்?

டாஃப் வேல் கதையின் ஒரு கிளை இங்கேயும் வந்திருக்கு. 1920, 21இல் சென்னையில் பக்கிங்ஹாம், கர்னாடிக் ஆலைகளை நடத்திய பின்னி கம்பனி, சென்னைத் தொழிலாளர் சங்கத்தின் தலைவர் பி. பி. வாடியா உள்ளிட்டோர் மீது வழக்குப் போட்டு உயர் நீதிமன்றத்தில் தடையுத்தரவு வாங்கியது. வாடியா சங்கத்திலிருந்து விலகுவதோடு அது முடிவுக்கு வந்தது. அந்த அதிர்ச்சிதான் இந்தியாவின் 1926 தொழிற்சங்கச் சட்டத்துக்கு ஒரு தூண்டுதல். இலங்கையில் ஏ. ஈ. குணசிங்க தலைமையில் 1923 பொது வேலைநிறுத்தமும் 1929 கொழும்பு ட்ராம் வேலைநிறுத்தமும் நடந்த பிறகு, 1935இல் தொழிற்சங்கக் கட்டளைச் சட்டம் வந்தது. தொழிற் பிணக்கின்போது செய்யும் சில செயல்களுக்காகச் சங்கத்தின் மீது சிவில் வழக்குப் போட முடியாது என்ற 1906 பிரித்தானியப் பாதுகாப்பின் சாயல் அதில் இருக்கு. ஆனால் அது பதிவு செய்த சங்கத்துக்குத்தான்.

பதிவு பாதுகாப்பும் தரும், பிடியும் தரும். அவுஸ்திரேலியாவில் அந்தப் பிடி எங்கே வந்து இறுகியது என்பதைப் பார்த்தோம். எங்கட தோட்டத் தொழிற்சங்கங்கள் பற்றியும், ஆசிரியர், தாதியர் சங்கங்கள் பற்றியும் கட்டுரை எழுதும்போது வேலைநிறுத்தத் திகதிகளையும் தலைவர்களின் பெயர்களையும் தேடுகிறோம். அதோடு வழக்கேடுகளையும் தேட வேண்டும்: யார் யார் மீது வழக்குப் போட்டார்கள், எந்த ஆவணத்தைக் கேட்டார்கள், யார் பதில் சொன்னார்கள், யார் சொல்லாமல் இருந்தார்கள். 1935 கட்டளைச் சட்டம் சின்னதுதான், ஒரு பின்னேரத்தில் வாசித்து முடிக்கலாம். அதிலிருந்து தொடங்கலாம் என்று நினைக்கிறோம். சேர்ந்து வாசிக்க விருப்பமானவர்கள் வாருங்கள்.